‘தேங்க் யூ’ எப்படி ‘மூன்று கிராம் எண்ணெய்’ ஆனது? சீனர்களின் ஆங்கில உச்சரிப்பு: சிக்கல் நாக்கிலா, காதிலா?

சீன இணையத்தில் யாருக்காவது சட்டென்று நன்றி சொல்ல வேண்டுமென்றால், சிலர் 3 என்ற எண்ணைப் போட்டு, பக்கத்தில் ‘க்யூ’ என்ற ஆங்கில எழுத்தைத் தட்டிவிட்டுப் போய்விடுவார்கள். மாண்டரினில் மூன்றுக்கு ‘ஸான்’ என்று பெயர். ஆக, ‘ஸான்-க்யூ’. வேகமாகச் சொல்லிப் பாருங்கள், ‘தேங்க் யூ’ வந்துவிடும்.

இதற்குச் சீன எழுத்திலேயே இன்னொரு வடிவமும் உண்டு. ‘ஸான் க யோவ்’. எழுத்துக்கு எழுத்து அர்த்தம் பார்த்தால் ‘மூன்று கிராம் எண்ணெய்’. ‘ஐ லவ் யூ’ இன்னும் மோசம். அது ‘ஆய் லாவ்ஹூ யோவ்’ ஆகிறது. அர்த்தம், ‘காதல் புலி எண்ணெய்’.

சீனர்கள் தங்களைத் தாங்களே கிண்டல் செய்துகொள்ளும் ஜோக் இது. ஆனால் ஆங்கில உச்சரிப்பில் அவர்கள் தடுமாறும் முக்கியமான இடங்களில் பல இந்த இரண்டு வரிக்குள்ளேயே இருக்கின்றன.

‘தேங்க்’ என்ற சொல்லின் முதல் ஒலியை எடுத்துக்கொள்ளுங்கள். நாக்கு நுனியைப் பற்களுக்கு நடுவில் வைத்துக் காற்றை மெல்ல வெளியே விடவேண்டும். மாண்டரினில் அந்த ஒலி இல்லை. பக்கத்தில் இருக்கும் ‘ஸ’ அந்த இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. அடுத்து, கடைசியில் வரும் ‘க்’. மாண்டரினில் ஓர் அசை ‘க்’ என்று முடியவே முடியாது. அதனால் ஓர் உயிரொலி ஒட்டிக்கொண்டு, அது தனி அசையாகிவிடுகிறது. ‘லவ்’ என்பதன் கடைசி ‘வ்’வுக்கும் இதே கதிதான். ஓர் அசைச் சொல் இரண்டு அசைப் புலியாக மாறியது அப்படித்தான்.

சாட்டில் இது சிரிப்பு. வேலை நேர்காணலில், ஜூம் மீட்டிங்கில், வெளிநாட்டுப் பல்கலைக்கழக வகுப்பில் அப்படி இல்லை. ஒரே வாக்கியத்துக்கு மூன்று தடவை ‘சாரி, கம் அகெய்ன்?’ என்று கேட்டால், நான்காவது தடவை பேசுபவர் வாயைத் திறக்க மாட்டார். பரீட்சையில் நல்ல மார்க், பேசச் சொன்னால் மௌனம் என்ற இந்த நிலைக்கு சீனாவில் ஒரு பெயரே இருக்கிறது: ‘யாபா யிங்யூ’, அதாவது ஊமை ஆங்கிலம்.

சீன மொழி பேசும் ஒருவருக்கு எந்த ஆங்கில ஒலிகள் உண்மையிலேயே கஷ்டம்? அதில் எதைத் திருத்தியே ஆகவேண்டும், எதைக் கண்டுகொள்ளாமல் விடலாம்? மொழியியல் ஆய்வாளர்கள் இதற்கு ஓரளவு தெளிவாகவே பதில் வைத்திருக்கிறார்கள். பயிற்சி வகுப்புகளும் ஆப்களும்தான் அதைப் பல நேரம் காதில் போட்டுக்கொள்வதில்லை.

‘சீனர்களுக்கு ர வராது’ என்பது உண்மையா?

பாதிகூட இல்லை. ஹாலிவுட் பழைய படங்களில் சீனக் கதாபாத்திரம் ‘ரைஸ்’ கேட்டால் ‘லைஸ்’ என்று சொல்லும். சோறு கேட்கப்போய்ப் பேன் கேட்டதாகச் சிரிப்பு. இந்தக் கிண்டல் எங்கிருந்து வந்திருக்கும் என்று பார்த்தால், 19-ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவுக்குப் போன சீனர்களில் பெரும்பாலானோர் குவாங்தோங் மாகாணத்தின் முத்து ஆற்று வட்டாரத்தைச் சேர்ந்தவர்கள். அந்தப் பக்கத்து மொழியான கான்டனீஸில் ‘ர’ இல்லை. ஹாங்காங்கிலும் அதே மொழிதான்.

மாண்டரினில் ‘ர’ மாதிரி ஓர் ஒலி இருக்கிறது. மனிதன் என்பதற்கான மாண்டரின் சொல்லை பின்யின் முறையில் ஆர்-இ-என் என்று எழுதுவார்கள். அந்த முதல் ஒலி, நாக்கை மேலே வளைத்துச் சொல்லும் நம்ம ‘ழ’வுக்கு நெருங்கிய சொந்தம். பெய்ஜிங்வாசிக்கு அமெரிக்க ‘ர’ அப்படியொன்றும் அந்நியம் இல்லை. ர-ல குழப்பத்துக்குப் பேர்போனவர்கள் உண்மையில் ஜப்பானியர்கள். கிண்டல் செய்பவர்களுக்கு அந்த வித்தியாசமெல்லாம் முக்கியமில்லை என்பது வேறு விஷயம்.

இன்னொரு பக்கம், சிச்சுவான், ஹூபெய், ஹூனான் மாகாணங்களின் பல பகுதிகளில் ‘ந’வும் ‘ல’வும் ஒன்றாகக் கலந்துவிடும். ஹாங்காங் இளைஞர்கள் ‘நீ’ என்று பொருள்படும் ‘நெய்’யை ‘லெய்’ என்கிறார்கள். அங்கே இதற்குச் ‘சோம்பேறி ஒலி’ என்று பட்டப்பெயர். இவர்களுக்கு ‘நைட்’, ‘லைட்’ இரண்டும் ஒன்றாகிவிடும் ஆபத்து உண்டு. பெய்ஜிங்காரருக்கு அந்தப் பிரச்சினை இல்லவே இல்லை.

‘தேங்க்’ விஷயத்திலும் அப்படித்தான். மாண்டரின் பேசுபவர் ‘ஸேங்க்’ என்பார். கான்டனீஸ் பேசுபவர் ‘ஃபேங்க்’ பக்கம் போவார். ஷாங்காய்க்காரரின் வூ மொழியோ மூன்று வகை ‘ப’வைப் பிரித்துப் பேசும் மொழி. அவருடைய தொடக்கப் புள்ளியே வேறு. ‘சீனர்களுக்கான ஆங்கில உச்சரிப்பு’ என்று ஒரே பாடத்திட்டத்தை விற்பவரிடம் முதலில் கேட்கவேண்டிய கேள்வி, ‘எந்த ஊர்ச் சீனருக்கு?’

400 அசைகள், ஒரு பெரிய மொழி

மாண்டரின் பேசுபவர்கள் கிட்டத்தட்ட சுமார் 400 அசைகளை வைத்து மொத்த மொழியையும் நடத்துகிறார்கள். தொனியைக் கணக்கில் சேர்த்தால் ஆயிரத்துச் சொச்சம். ஆங்கிலத்தில் இது பல ஆயிரம். காரணம் எளிது. ‘ஸ்ட்ரெங்த்ஸ்’ மாதிரி முன்னால் மூன்று மெய், பின்னால் மூன்று மெய் என்று ஓர் அசைக்குள் கூட்டம் சேர்க்க ஆங்கிலம் அனுமதிக்கிறது. மாண்டரினில் ஓர் அசையின் கடைசியில் நிற்கக்கூடிய மெய்கள் ‘ன்’, ‘ங்’ இரண்டும்தான். வடக்குப் பக்கம் ஒரு ‘ர்’ சேரும். அவ்வளவுதான்.

அதனால் ஆங்கிலச் சொல்லின் வால் பகுதிதான் உண்மையான போர்க்களம். சிலர் வாலில் ஓர் உயிரொலியை ஒட்டுவார்கள். சிலர் வாலையே வெட்டிவிடுவார்கள். நமக்கு இது புதிதில்லை. பஸ்ஸு, காரு, லைட்டு என்று வாலில் ‘உ’ சேர்ப்பதும் இதே வேலைதான்.

இதில் ரொம்ப நுட்பமான சிக்கல், முதுகைக் குறிக்கும் ‘பேக்’கும் பையைக் குறிக்கும் ‘பேக்’கும். தமிழில் எழுதினால் இரண்டுக்கும் ஒரே எழுத்துகள்தான். ஆங்கிலத்தில் முதலாவது வல்லொலியில் முடியும். இரண்டாவது, தொண்டை அதிரும் மெல்லிய ‘க்’கில் முடியும். தொண்டை அதிரும் ப, ட, க ஒலிகள் மாண்டரினில் தனி எழுத்தாக இல்லை. அங்கே வித்தியாசமே வேறு மாதிரி. வாயிலிருந்து மூச்சு ‘புஸ்’ஸென்று வருகிறதா இல்லையா என்பதுதான் கணக்கு.

பெய்ஜிங் என்ற பெயரில் வரும் ‘பெய்’யும், தைவானின் தலைநகர் தைபெயில் வரும் ‘பெய்’யும் ஒரே சீனச் சொல்தான். இரண்டுக்கும் அர்த்தம் வடக்கு. ஆனால் ஆங்கிலத்தில் ஒன்றை ‘பி’ எழுத்திலும் இன்னொன்றை ‘பீ’ எழுத்திலும் எழுதுகிறார்கள், பந்துக்கு வரும் எழுத்து ஒன்று, பேனாவுக்கு வரும் எழுத்து இன்னொன்று. 1958-ல் சீனா ஏற்றுக்கொண்ட பின்யின் முறை ஓர் எழுத்தைத் தேர்ந்தெடுத்தது. அதற்கு முந்தைய முறை மற்றொன்றைத் தேர்ந்தெடுத்தது. உண்மையான ஒலி இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது.

சொல்லின் தொடக்கத்தில் இந்த நடுநிலை பெரிய தொல்லை தராது. மூச்சை வைத்தே ஆங்கிலேயர் புரிந்துகொள்வார்கள். சொல்லின் முடிவில்தான் வித்தியாசம் கரைந்துபோகிறது.

உயிரொலிகளில் ‘ஷிப்’ – ‘ஷீப்’ பிரபலமான ஜோடி. கப்பலும் செம்மறி ஆடும். குறில், நெடில் என்று முதல் வகுப்பிலேயே படித்துவிட்ட தமிழருக்கு இது ஒரு பிரச்சினையே இல்லை. மாண்டரினில் ‘இ’க்கு அந்தக் குறில்-நெடில் பிரிவு கிடையாது. ‘ஃபுல்’ – ‘ஃபூல்’ ஜோடிக்கும் இதே நிலைமை. படுக்கையைக் குறிக்கும் ‘பெட்’, கெட்டது என்ற பொருளில் வரும் ‘பேட்’ இரண்டுக்கும் நடுவில் தாடையை எவ்வளவு இறக்குவது என்பது அடுத்த தலைவலி.

நாக்கைத் திருகுவதற்கு முன்னால் காது

கண்ணாடி முன் நின்று வாயைக் கோணிப் பயிற்சி செய்வது பரவலான வழி. ஆனால் காதில் விழாத வித்தியாசத்தை வாய் எப்படிச் செய்யும்?

அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பாட்ரீஷியா கூல் தலைமையில் நடந்த ஆய்வுகள் இதில் புகழ்பெற்றவை. ஆறு முதல் எட்டு மாதக் குழந்தைக்கு எந்த மொழியின் ஒலி வித்தியாசமும் கேட்கும். சீன ஒலிகளைக் கண்டுபிடிப்பதில் அமெரிக்கக் குழந்தையும் தைவான் குழந்தையும் அந்த வயதில் சமம். பத்து, பன்னிரண்டு மாதத்தில் நிலைமை மாறுகிறது. தாய்மொழிக்குத் தேவையானதில் காது கூர்மையாகிறது. தேவையில்லாததை மூளை ‘இது சத்தம்தான்’ என்று தள்ளிவிடத் தொடங்குகிறது.

2003-ல் வெளியான அவர்களுடைய ஆய்வில், ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகளுடன் மாண்டரின் பேசுபவர்கள் நேரில் உட்கார்ந்து விளையாடினார்கள், கதை சொன்னார்கள். மொத்தம் 12 அமர்வுகள். குழந்தைகள் அந்தச் சீன ஒலி வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டன. அதே ஆட்கள், அதே பேச்சு டிவியில் ஓடியபோது? ஒன்றும் ஏறவில்லை. குழந்தை கையில் செல்போனைக் கொடுத்து ‘மொழி கத்துக்கும்’ என்று நம்பும் பெற்றோர் இந்தப் பத்தியை இரண்டு தடவை படிக்கலாம்.

அப்படியானால் 25 வயதில் கதவு மூடிவிட்டதா? இல்லை. பெரியவர்களின் காதையும் திரும்பப் பழக்கலாம் என்பதற்கு 1990-களிலிருந்தே ஆதாரம் இருக்கிறது. இண்டியானா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஜப்பானியர்களுக்கு ஹெட்போன் மாட்டி, ‘ராக்’கா ‘லாக்’கா என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். பதில் சரியா தப்பா என்று அங்கேயே சொல்லிவிடுவார்கள். சூட்சுமம் ஒன்றுதான்: ஒரே குரல் கிடையாது. ஆண், பெண் என்று பல பேருடைய குரல்கள், பல சொற்கள். ஒரே ஆசிரியரின் குரலைக் கேட்டுப் பழகினால் அந்த ஆசிரியரை மட்டும்தான் புரியும். பல குரல்கள் கேட்டால்தான் ஒலி பிடிபடும். 1997-ல் வெளியான தொடர் ஆய்வில் இன்னொரு விஷயம் தெரிந்தது. பேசும் பயிற்சியே தராமல், கேட்கும் பயிற்சி மட்டும் கொடுத்தும், அவர்களுடைய உச்சரிப்பும் மேம்பட்டிருந்தது.

இந்த வழியை மாண்டரின் பேசுபவர்களின் ஆங்கில உயிரொலிகளுக்குப் பயன்படுத்தியவர் கனடாவின் பிராக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரான் தாம்சன். அவர் உருவாக்கிய ‘இங்கிலீஷ் ஆக்சன்ட் கோச்’ இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. ஒலியைக் கேட்டு எது என்று அழுத்தவேண்டும். கேம் மாதிரிதான்.

இது எதிர்த் திசையிலும் வேலை செய்கிறது. 1999-ல் வெளியான ஓர் ஆய்வில், மாண்டரின் தொனிகளைப் பிரித்தறிய அமெரிக்கர்களுக்கு இரண்டு வாரத்தில் எட்டு அமர்வுகள் பயிற்சி கொடுத்தார்கள். சரியாகக் கண்டுபிடிப்பது 21 சதவீதம் உயர்ந்தது. ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோதும் அந்த முன்னேற்றம் அப்படியே இருந்தது.

எல்லாத் தப்பும் ஒரே எடை இல்லை

1995-ல் கனடாவின் மர்ரே மன்ரோ, டிரேசி டெர்விங் இருவரும் செய்த ஆய்வு இந்தத் துறையின் பேச்சையே மாற்றியது. மாண்டரினைத் தாய்மொழியாகக் கொண்ட 10 பேரின் ஆங்கிலப் பேச்சை ஆங்கிலேயர்களுக்குப் போட்டுக் காட்டி, கேட்டதை எழுதச் சொன்னார்கள். ஆக்சன்ட் எவ்வளவு தூக்கல், புரிந்துகொள்ள எவ்வளவு சிரமம் என்றும் மதிப்பெண் போடச் சொன்னார்கள். ‘ரொம்ப ஆக்சன்ட்’ என்று முத்திரை குத்திய பேச்சையும், பல நேரம் ஒரு சொல் விடாமல் சரியாகவே எழுதியிருந்தார்கள். ஆக்சன்ட் வேறு, புரிவது வேறு.

ஐஇஎல்டிஎஸ் பேச்சுத் தேர்விலும் உச்சரிப்பு நான்கு அளவுகோல்களில் ஒன்றுதான், கால் பங்கு. அங்கேயும் பார்ப்பது புரிகிறதா என்பதைத்தான். லண்டன்காரர் மாதிரி இருக்கிறதா என்பதை இல்லை.

அப்போது எதைத் திருத்துவது? ஓர் ஒலி வித்தியாசத்தை நம்பி எத்தனை சொற்கள் நிற்கின்றன என்று பார்க்கவேண்டும் என்கிறார்கள் மொழியியலாளர்கள். ‘ஷிப்-ஷீப்’ வித்தியாசத்தை நம்பி ஏகப்பட்ட சொற்கள் இருக்கின்றன. ‘நைட்-லைட்’ வித்தியாசமும் அப்படியே. ‘தேங்க்’ ஒலிக்கும் ‘ஸ’வுக்குமான வித்தியாசத்தில் அவ்வளவு கூட்டம் இல்லை. ‘ஐ ஸிங்க் ஸோ’ என்று ஒருவர் சொன்னால், தண்ணீரில் மூழ்குகிறார் என்று யாரும் லைஃப் ஜாக்கெட்டைத் தேடப்போவதில்லை.

ஜெனிஃபர் ஜென்கின்ஸ் 2000-ல் வெளியிட்ட புத்தகத்தில் இதைப் பட்டியலாகவே போட்டார். பல நாட்டவர் பேசும் பொது மொழியாக ஆங்கிலத்தைப் பார்த்தால், ‘தேங்க்’ ஒலி அவசியமில்லை. குறில்-நெடில் வித்தியாசம், சொல்லின் தொடக்கத்தில் வரும் மெய்க்கூட்டம், வாக்கியத்தில் எந்தச் சொல்லில் அழுத்தம் விழுகிறது என்பவை அவசியம். ஆனால் சீன வகுப்பறைகளில் நாக்கை வெளியே நீட்ட வைக்கும் ‘தேங்க்’ பயிற்சிக்குக் கிடைக்கும் மரியாதை அழுத்தத்துக்குக் கிடைப்பதில்லை. நாக்கை நீட்டுவது கண்ணுக்குத் தெரிகிறது, அழுத்தம் தெரிவதில்லை. வேறு காரணம் தோன்றவில்லை.

அழுத்தம்தான் பெரிய விஷயம். ‘ஃபோட்டோகிராஃப்’ என்பதில் அழுத்தம் முதல் அசையில். அதை எடுப்பவரைக் குறிக்கும் சொல்லில் இரண்டாவது அசைக்கு நகர்கிறது. ‘ஃபோட்டோகிராஃபிக்’ என்னும்போது மூன்றாவதுக்குப் போகிறது. மற்ற அசைகள் தேய்ந்து, கிட்டத்தட்ட ஒரு முனகலாகிவிடும். மாண்டரினில் ஒவ்வோர் அசைக்கும் தனி எழுத்து, பெரும்பாலும் தனித் தொனி, முழு எடை. அதே பழக்கத்தில் ஆங்கிலம் பேசினால் எல்லா அசையும் ஒரே உயரத்தில் வரிசை கட்டி நிற்கும். கேட்பவருக்கு எங்கே பிடித்துக்கொள்வதென்று தெரியாது. 15-க்கும் 50-க்கும் உள்ள வித்தியாசத்தில் பெரும்பகுதி அழுத்தத்தில்தான் இருக்கிறது. விலைப்பட்டியலைப் போனில் படிக்கும்போது இது 15 ஆயிரம் டாலரா 50 ஆயிரம் டாலரா என்ற கேள்வி.

இதற்கு மருந்து மாண்டரினுக்குள்ளேயே இருக்கிறது என்பதுதான் அழகு. ‘தோங்ஷி’ என்பதில் இரண்டு அசையையும் முழுசாகச் சொன்னால் ‘கிழக்கு மேற்கு’. இரண்டாவதை லேசாக, குட்டையாக விட்டால் ‘பொருள், சாமான்’. ஆக, ஓர் அசையைத் தேய்ப்பது எப்படி என்று மாண்டரின் பேசுபவருக்கு ஏற்கெனவே தெரியும். அந்தத் தேய்வை அப்படியே ஆங்கிலத்துக்குக் கொண்டுபோகச் சொன்னால் போதும். ‘நடுநிலை உயிரொலி’ என்று அரை மணி நேரம் விளக்குவதைவிட இது சீக்கிரம் ஏறும்.

கையில் இருப்பதை வைத்தே

இருக்கும் ஒலியிலிருந்து இல்லாத ஒலிக்குப் பாலம் போடும் இந்த உத்தி மற்ற இடங்களிலும் உதவும்.

பையைக் குறிக்கும் ‘பேக்’கின் கடைசி ஒலி வரவில்லையா? அதை விட்டுவிட்டு, முன்னால் இருக்கும் உயிரொலியைக் கொஞ்சம் இழுக்கச் சொல்லலாம். முதுகைக் குறிக்கும்போது டக்கென்று வெட்டவேண்டும். ஆங்கிலேயரின் காது பாதி முடிவை அந்த நீளத்தை வைத்தே எடுக்கிறது.

‘ந’வும் ‘ல’வும் கலந்துபோகிறவர்களுக்கு மூக்கைப் பிடிக்கும் சோதனை. மூக்கைப் பிடித்துக்கொண்டு ‘ன்ன்ன்’ என்று இழுத்தால் சத்தம் நின்றுவிடும். ‘ல்ல்ல்’ நிற்காது. நீங்களே இப்போது செய்து பாருங்கள், பக்கத்தில் ஆள் இல்லாத நேரமாக. சிச்சுவான் மாணவர் தான் சொன்னது எது என்று தன் மூக்கிடமே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

‘வெட்’ என்றால் ஈரம். ‘வெட்’ என்றால் கால்நடை மருத்துவரும்கூட. தமிழ் எழுத்து இரண்டையும் பிரிக்காது, நம்மில் பலர் பேச்சிலும் பிரிப்பதில்லை. ஈரத்துக்கு உதட்டைக் குவிக்கவேண்டும். மருத்துவருக்கு மேல்பல் கீழ் உதட்டைத் தொடவேண்டும். மாண்டரினில் ‘ஃப’ இருக்கிறது. பல்லும் உதடும் அதே இடம். ‘ஃப்ஃப்ஃப்’ என்று ஊதிக்கொண்டே தொண்டையை அதிர வைத்தால் மருத்துவர் வந்துவிடுவார்.

‘ஸ்கூல்’ போன்ற சொற்களின் கடைசி ‘ல்’ சிலரிடம் ‘ஓ’ போலவும், வடக்கத்திக்காரர்களிடம் ‘அர்’ போலவும் மாறும். இதை வரிசையில் கடைசியில் வைக்கலாம். லண்டனிலேயே பாதிப் பேர் அந்த ‘ல்’லை விழுங்கிவிடுகிறார்கள்.

1862 புத்தகத்திலிருந்து ஆப் வரை

தாய்மொழி எழுத்தில் ஆங்கில ஒலியை எழுதிப் படிப்பது புதுப் பழக்கம் இல்லை. 1862-ல் டோங் கிங்-ஸிங் என்ற வணிகர் ஆங்கிலம் கற்க ஆறு தொகுதிப் புத்தகம் ஒன்றை வெளியிட்டார். உச்சரிப்பெல்லாம் கான்டனீஸ் வாசிப்பில் வரும் சீன எழுத்துகளில். துறைமுகத்தில் வெள்ளைக்காரரிடம் பேரம் பேச அது போதும். பின்னாளில் இதே டோங், சீனாவின் பெரிய நீராவிக் கப்பல் நிறுவனத்தை நடத்தினார்.

நூற்றாண்டு கடந்து, லி யாங் என்பவர் ‘கிரேஸி இங்கிலீஷ்’ என்று ஆரம்பித்தார். ஸ்டேடியம் நிறைய ஆட்களைக் கூட்டி, கையை வீசிக்கொண்டு உரக்க ஆங்கிலத்தில் கத்த வைப்பதுதான் முறை. 1999-ல் அதைப் பற்றி ஆவணப்படமே வந்தது. கூச்சம் போகும், அதில் சந்தேகமில்லை. ஆனால் ‘ஷீப்’பை எவ்வளவு சத்தமாகக் கத்தினாலும் அது ‘ஷிப்’ ஆகாது.

2001-ல் சீனக் கல்வித்துறை மூன்றாம் வகுப்பிலிருந்தே ஆங்கிலம் என்று முடிவெடுத்தது. பிறகு ஆன்லைனில் வெளிநாட்டு ஆசிரியரிடம் குழந்தைகளைப் பேச வைக்கும் தொழில் பெரிதாக வளர்ந்தது. 2021 ஜூலையில் வந்த டியூஷன் கட்டுப்பாடுகள், வெளிநாட்டில் இருந்தபடி பாடம் எடுப்பவர்களை நியமிக்கத் தடை போட்டன. உயிருள்ள குரலுக்கான ஒரு பெரிய வாசல் ஒரே அறிவிப்பில் அடைபட்டது. ஷாங்காயின் லியூலிஷுவோ போன்ற, பேச்சைக் கேட்டு மதிப்பெண் போடும் ஆப்கள் இருக்கின்றன. பயன் உண்டு. ஆனால் ‘உங்கள் உச்சரிப்பு 78’ என்று திரையில் வரும்போது, குறைந்த 22 எதனால் என்பதைப் பாருங்கள். அது ‘தேங்க்’ ஒலியால் என்றால் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளத் தேவையில்லை.

கேட்பவர் பக்கமும் ஒரு வேலை

டெர்விங்கும் மன்ரோவும் கனடாவில் குடியேறியவர்களை ஏழு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, 2013-ல் முடிவை வெளியிட்டார்கள். ஸ்லாவிய மொழிகள் பேசுபவர்களின் ஆங்கிலம் கேட்பவருக்கு எளிதாகிக்கொண்டே வந்தது. மாண்டரின் பேசுபவர்களிடம் ஏழு வருடத்தில் பெரிய மாற்றம் இல்லை. முதல் குழு வெளியே ஆங்கிலத்தில் உரையாடிய அளவு அதிகம். பேச ஆள் கிடைக்காதபோது, ‘திரும்பச் சொல்லுங்க’ என்ற முகத்தைப் பார்த்துப் பேச்சைக் குறைத்துக்கொள்ளும்போது, முன்னேற்றமும் நின்றுவிடுகிறது.

அந்த முகத்தைப் பற்றியும் ஓர் ஆய்வு உண்டு. 1980-களில் அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில், வெளிநாட்டு ஆசிரியர்கள் பேசுவது புரியவில்லை என்ற மாணவர் புகார்களைத் தொடர்ந்து, கல்லூரியில் பாடம் நடத்துவோரின் ஆங்கிலத்தைச் சோதிக்கச் சட்டங்கள் வந்தன. அந்தச் சூழலில் டொனால்ட் ரூபின் என்ற ஆய்வாளர் ஒரு வேலை செய்தார். ஒஹாயோவில் வளர்ந்த, ஆங்கிலம் தாய்மொழியான ஒரு பெண்ணின் குரலில் ஒரு பாடத்தைப் பதிவு செய்தார். ஒரு குழு மாணவர்களுக்கு அதை வெள்ளைக்காரப் பெண்ணின் படத்துடன் போட்டார். இன்னொரு குழுவுக்கு ஆசியப் பெண்ணின் படத்துடன். குரல் ஒன்று, பதிவும் ஒன்று. ஆசிய முகத்தைப் பார்த்தவர்கள் ‘ஆக்சன்ட் இருக்கிறது’ என்றார்கள். அதோடு விடவில்லை, பாடத்தில் நடத்தியதை எழுதச் சொன்னபோதும் அவர்களுக்குக் குறைவாகவே நினைவிருந்தது. 1992-ல் வெளியான அந்த ஆய்வில் திருத்துவதற்கு எந்த ஒலியும் இல்லை.

சிலர் கேட்பவருக்கே பயிற்சி கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். 2002-ல் வெளியான ஒரு கனடிய ஆய்வில், சமூகப்பணி மாணவர்களுக்கு வியட்நாமியர் பேசும் ஆங்கிலத்தில் எந்த ஒலி எப்படி மாறும் என்று சொல்லிக்கொடுத்தார்கள். ‘இவர்கள் பேசுவது எனக்குப் புரியும்’ என்ற நம்பிக்கை அவர்களிடம் கூடியது.

சீன நண்பர்களோடு வேலை செய்கிறவர்கள் வீட்டிலேயே செய்யக்கூடிய ஒரு பயிற்சியும் உண்டு. மாண்டரினில் ‘வோ பாவ் ல’ என்றால் ‘எனக்கு வயிறு நிறைந்துவிட்டது’. ‘பா’வில் மூச்சைச் சேர்த்து ‘ப்ஹாவ்’ என்றால் ‘நான் ஓடிவிட்டேன்’. தமிழ்க் காதுக்கும் நாக்குக்கும் இரண்டும் ஒரே ‘ப’தான். வாய்க்கு முன்னால் ஒரு டிஷ்யூ பேப்பரைப் பிடித்துக்கொண்டு சொல்லுங்கள். பேப்பர் ஆடாமல் இருந்தால் சாப்பாடு முடிந்தது. ஆடினால், விருந்துக்குக் கூப்பிட்டவர் ‘எங்கே ஓடினீங்க?’ என்று கேட்பார்.